இடது வளைவில் மட்டும் பின்பக்கம் வீசினால்

நண்பரே, ஓசூரில் கான்கிரீட் தளத்தில் ஓட்டும் உங்கள் 1/10 அளவு ரிமோட் டூரிங் கார் இடது வளைவில் மட்டும் பின்பக்கம் வீசுகிறது, வலதில் ஒழுங்காகப் போகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் ஸ்பிரிங்கையோ ஷாக் ஆயிலையோ மாற்றாதீர்கள். பெரும்பாலும் சேஸி (காரின் அடித்தட்டுச் சட்டம்) முறுக்கியிருக்கும்.

அதைச் சரிசெய்யச் சமதளம் வேண்டும்; கிருஷ்ணகிரிப் பக்கம் பாலிஷ் போட்ட கிரானைட் துண்டுக்கா பஞ்சம்? சக்கரங்களைக் கழற்றி, சேஸியை அதன்மேல் அழுத்தி, மேல்தட்டு ஸ்க்ரூக்களைத் தளர்த்தி மறுபடி முடுக்குங்கள். ட்ரூப் (காரைத் தூக்கினால் சக்கரம் கீழே தொங்கும் அளவு) இருபக்கமும் சமமாக இருக்கட்டும். பிறகு ஆன்டி ரோல் பாரை (இடது, வலது சஸ்பென்ஷனை இணைக்கும் கம்பி) கழற்றிவிட்டு, பேட்டரி, சக்கரங்களோடு நிறுத்தி, பின்பக்க நடுவில் கத்தி முனையால் மெல்லத் தூக்குங்கள். முதலில் எழும் சக்கரத்தில் பாரம் குறைவு. அந்தப் பக்க ஷாக்கின் காலரை (ஸ்பிரிங்கை அழுத்தும் வளையம்) கால் சுற்று இறுக்கி, மறுபக்கம் அதே அளவு தளர்த்துங்கள். பாரை மாட்டியதும் மறுபடி தூக்கிப் பாருங்கள். வித்தியாசம் வந்தால் பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க் நீளம்தான் கோளாறு.

அதற்குப் பிறகும் வீசினால் பின்சக்கரங்களின் டோ-இன்னை (முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் கோணம்) இருபக்கமும் அளந்துவிடுங்கள், சஸ்பென்ஷன் கையைத் தாங்கும் ஹிஞ்ச் பின் (hinge pin) வளைந்திருக்கலாம்.