கிண்டி கிடைக்காவிட்டால்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உசிலம்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். கணக்கில் 96, இயற்பியலில் 93, வேதியியலில் 94. சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேறு பேச்சே வேண்டாம் என்கிறாள். எங்கள் வீட்டில் யாரும் பட்டம் படித்ததில்லை. மூத்தவன் பத்தாவதோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டான். நாங்கள் டி.என்.சி. (சீர்மரபினர்). எட்டாவது வரை அரசு உதவிபெறும் பள்ளி, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளி, எல்லாமே தமிழ் வழி. அதனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்துவிடும், ஃபீஸே இல்லை என்று பக்கத்தில் சொல்கிறார்கள். இதற்கிடையில் ஒரு கல்லூரிக்காக ஆள் பிடிக்கிறவர் வீட்டுக்கே வந்து, "கவுன்சிலிங்கை நம்பாதீங்க, இப்பவே 50 ஆயிரம் கட்டினா கம்ப்யூட்டர் சீட் உறுதி" என்கிறார். வருடத்துக்கு 80 ஆயிரம் வரை புரட்டிவிடுவோம். அதற்கு மேல் கடன்தான். கிண்டி கிடைக்காவிட்டால் எதை நம்பி இருப்பது?

எஸ்., உசிலம்பட்டி

*

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 50 ஆயிரத்தைக் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அவர் தருவதாகச் சொல்வது நிர்வாக ஒதுக்கீட்டு இடம், அதாவது கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் இடம். சிறுபான்மையினர் நடத்தாத சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 சதவீதத்தையும், சிறுபான்மையினர் கல்லூரிகள் 50 சதவீதத்தையும் அரசுக் கவுன்சிலிங்குக்குக் கொடுத்தாக வேண்டும். அதே கல்லூரி, அதே வகுப்பறை, அதே பெஞ்சு. கட்டணம் மட்டும் வேறு. 2017-ல் கட்டண நிர்ணயக் குழு வைத்த கணக்கின்படி, தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்குக் கவுன்சிலிங் வழியாக வந்தால் ஆண்டுக்கு 55,000, நிர்வாக ஒதுக்கீட்டில் 87,000. இந்த ஆண்டுக்கு மாற்றம் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் இடைவெளி இருக்கத்தான் செய்யும். உங்கள் வீட்டில் இவள்தான் முதல் பட்டதாரி. கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால் ஆண்டுக்கு 25,000 வரை டியூஷன் கட்டணத்தில் கழியும், நிர்வாக ஒதுக்கீட்டில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு பக்கம் 30,000, இன்னொரு பக்கம் 87,000. வித்தியாசம் ஆண்டுக்கு 57,000, நான்கு ஆண்டில் 2 லட்சத்து 28 ஆயிரம். உங்கள் மகளின் மதிப்பெண்ணுக்கு அந்த மாதிரிக் கல்லூரி கவுன்சிலிங்கிலேயே கிடைக்கக்கூடியது. கிடைக்கப்போகிற ஒன்றுக்குப் பயத்தைக் காட்டிப் பணம் கேட்கிறார்கள்.

ஏற்கெனவே யாராவது கட்டியிருந்தால் அவர்களுக்கு ஒன்று: வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) விதி. ரசீது இருந்தால்தான் இதைப் பேச முடியும். ஆள் பிடிக்கிறவர் கையில் கொடுத்த பணத்துக்கு ரசீது இருக்காது.

இனி, சொல்ல வருத்தமான விஷயம். 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளோடு உங்கள் பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் அதில் சேரும். உதவிபெறும் பள்ளி சேராது. உங்கள் மகள் ஆறு, ஏழு, எட்டு உதவிபெறும் பள்ளியில் படித்திருப்பதால் இந்த வழி அவளுக்கு அடைபட்டுவிட்டது. "ஃபீஸே இல்லை" என்ற நம்பிக்கையில் கவுன்சிலிங்குக்குக் கல்லூரிகளின் விருப்பப் பட்டியல் போட்டால் ஆகஸ்டில் கையைப் பிசைய வேண்டிவரும். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் வேறு கணக்கு. 2024 டிசம்பர் கடைசியில் அது உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. சேர்ந்த பிறகு கல்லூரி வழியாக விண்ணப்பியுங்கள். பஸ் செலவுக்காவது ஆகும்.

இப்போது கிண்டி. கணக்கு மதிப்பெண் அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி: 96, 46.5, 47. ஆக 200-க்கு 189.5. நல்ல கட் ஆஃப். ஆனால் கிண்டி கம்ப்யூட்டர் சயின்ஸ் பொதுப்பிரிவில் 199-ஐ ஒட்டியே முடிந்துவிடும். உங்கள் பிரிவில் கொஞ்சம் இறங்கும், 189.5 வரை இறங்காது. அங்கேயே அச்சுத் தொழில்நுட்பம், சுரங்கப் பொறியியல் போன்றவை வெகுவாகக் கீழே வரும். இங்கே மகளிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும், நீங்கள் பதில் சொல்லாமல் அவளையே சொல்ல விடுங்கள்: அவளுக்கு வேண்டியது கிண்டியா, கம்ப்யூட்டரா? கிண்டி என்றால் பட்டியல் ஒரு மாதிரி, கம்ப்யூட்டர் என்றால் வேறு மாதிரி. இதை முடிவு செய்யாமல் விருப்பப் பட்டியலில் உட்காரும் பிள்ளைகள் இரண்டையும் கலந்து எழுதிவிட்டு, பிடிக்காத பிரிவில் போய் நான்கு வருடம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கட் ஆஃபை மட்டும் வைத்துக் கல்லூரியை எடைபோடாதீர்கள். வினாத்தாள் எளிதாக அமைந்த ஆண்டில் 190-க்கு மேல் கூட்டம் நெரியும், கடினமான ஆண்டில் அதே 190 எங்கேயோ முன்னால் நிற்கும். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடத் தக்கது தரவரிசை எண்தான். பொதுத் தரவரிசை, இனவாரித் தரவரிசை என்று இரண்டு எண் வரும். கல்லூரிவாரியாக, பிரிவுவாரியாக, இனவாரியாகச் சென்ற ஆண்டுகளில் கடைசி இடம் எந்தத் தரவரிசையில் போனது என்பது பொறியியல் சேர்க்கை இணையதளத்திலேயே இருக்கிறது. மூன்று ஆண்டை எடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று ஆண்டும் மகளின் எண்ணைத் தாண்டிப் போயிருந்தால், அதுவும் தாராளமாகத் தாண்டிப் போயிருந்தால், அது நம்பக்கூடிய இடம். ஒரு ஆண்டு மட்டும் தாண்டியிருந்தால் அதை ஆசைக் கணக்கில் வையுங்கள்.

நம்பக்கூடிய இடம் என்று நான் சொல்வதற்கு மூன்று சோதனை உண்டு: அவள் தரவரிசைக்கு அது கிடைக்க வேண்டும், நான்கு ஆண்டும் உங்களால் கட்ட முடிய வேண்டும், கிடைத்தால் அவள் அழாமல் போய்ச் சேர வேண்டும். மூன்றாவதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "இது சும்மா, ஒரு பாதுகாப்புக்கு" என்று எழுதிய கல்லூரியே கிடைத்து, சேர மனமில்லாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் அது பாதுகாப்பே இல்லை.

மதுரையைச் சுற்றிக் குறைந்த செலவில் எங்கே தேடுவது? முதலில் அரசினர் பொறியியல் கல்லூரிகள்: போடி, காரைக்குடி அழகப்பச் செட்டியார், திருநெல்வேலி. கட்டணம் இவற்றில்தான் மிகக் குறைவு. அடுத்து அண்ணா பல்கலைக்கழகமே நடத்துபவை: கீழக்குயில்குடியில் உள்ள மதுரை மண்டல வளாகம், திண்டுக்கல், ராமநாதபுரம் உறுப்புக் கல்லூரிகள். அரசுக் கல்லூரியைவிடக் கூடுதல், ஆனாலும் உங்கள் 80 ஆயிரத்துக்குள் யோசிக்கக்கூடியவை. திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரியை மகள் கட்டாயம் மேலே எழுதுவாள், எழுதட்டும். ஆனால் அங்கே கம்ப்யூட்டரும் எளிதில் கிடைப்பதில்லை, அதை நம்பக்கூடிய இடமாக எண்ண வேண்டாம். அது அரசு உதவிபெறும் கல்லூரி. உதவிபெறும் கல்லூரியில் எல்லாப் பிரிவும் உதவிபெறும் பிரிவு என்று எண்ணிவிடாதீர்கள். பிரிவின் பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ். என்று இருந்தால் அது தன்னிதிப் பிரிவு, கட்டணம் அதற்கேற்ப. கிண்டியிலும் அப்படிப் பிரிவுகள் உண்டு.

அதற்கும் கீழே மதுரை, விருதுநகர், திண்டுக்கல் மாவட்டச் சுயநிதிக் கல்லூரிகள். இங்கேதான் நிதானம் வேண்டும். "அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரி" என்ற பேனரில் மயங்க வேண்டாம், இணைவு பெற்ற எல்லாக் கல்லூரியின் பட்டமும் அந்தப் பல்கலைக்கழகம் தருவதுதான். தர அங்கீகாரம் கல்லூரிக்கு மட்டும் இருக்கிறதா, அவள் சேரும் பிரிவுக்கும் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும் கல்லூரிவாரித் தேர்ச்சி சதவீதத்தைப் பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துவதால் அவற்றை அந்தப் பட்டியலை வைத்து எடைபோட முடியாது. வேலைவாய்ப்பு பற்றிக் கேட்டால் 98 சதவீதம் என்பார்கள். "அந்தப் பிரிவில் மொத்தம் எத்தனை பேர் படித்தார்கள், அதில் எத்தனை பேருக்கு ஆர்டர் வந்தது?" என்று கேளுங்கள். "தகுதி பெற்ற மாணவர்களில்" என்று தொடங்கினால், தகுதியிலிருந்து எத்தனை பேரைக் கழித்தார்கள் என்பது அடுத்த கேள்வி.

டியூஷன் தவிர மற்றதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: பஸ், விடுதி, மெஸ், தேர்வுக் கட்டணம், சீருடை, பயிற்சிக் கட்டணம், லேப்டாப். உசிலம்பட்டியிலிருந்து கல்லூரி பஸ் வருகிறதா, எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்பதும் செலவோடு சேர்ந்ததுதான். போடிக்கு ரயில் 2023-லிருந்து மறுபடியும் ஓடுகிறது, உசிலம்பட்டியில் நிற்கிறது. முதல் வகுப்பு நேரத்தோடு அது ஒத்துவருகிறதா என்று பார்த்த பிறகே விடுதிச் செலவைக் கணக்கிலிருந்து அடியுங்கள். வருடத்துக்கு 80 ஆயிரம் என்பதை நான்கு ஆண்டுக்கு 3 லட்சத்து 20 ஆயிரமாக வைத்துப் பாருங்கள், கட்டணத்தில் 30 ஆயிரம் என்று தெரிந்த கல்லூரி விடுதியோடு எல்லையைத் தொட்டுவிடும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கவுன்சிலிங்கிலேயே வராது, முதல் பட்டதாரிச் சலுகையும் அங்கே இல்லை. உங்கள் கணக்குக்கு அவை வேண்டாம்.

இனி விருப்பப் பட்டியல். இங்கேதான் நல்ல மதிப்பெண்ணைத் தொலைக்கிறார்கள். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் எழுதலாம், எல்லை கிடையாது. மகளின் முறை வரும்போது கணினி பட்டியலை மேலிருந்து கீழே படித்து, எங்கே முதலில் காலியிடம் இருக்கிறதோ அங்கே நிறுத்திவிடும். கிடைக்காத பத்து இடத்தை மேலே எழுதியதால் பதினொன்றாவதில் அவளுக்கு உள்ள வாய்ப்பு குறையாது. ஆகவே கிண்டியை முதலில் எழுதட்டும், தடுக்காதீர்கள். வரிசை ஆசைப்படியே இருக்கட்டும். "கிடைக்கக்கூடியதை முதலில் போடு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதை முதலில் போட்டால் அதுவே கிடைக்கும், அதோடு முடிந்தது. இன்னொரு தவறு, பத்து பன்னிரண்டு விருப்பத்தோடு நிறுத்துவது. ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்பட்டால் மிச்சம் இருப்பதில்தான் தேட வேண்டும். 189.5-க்குப் பெரும்பாலும் முதல் சுற்றே வரும். குறைந்தது அறுபது எழுதச் சொல்வேன், அதில் கடைசி இருபது நம்பக்கூடியவையாக இருக்கட்டும். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் பல உண்டு. பெயரைப் பார்த்து எழுதாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணைப் பார்த்து எழுதுங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் பதில் சொல்லக் கிடைக்கும் நேரம் குறைவு. ஏற்றுக்கொண்டு சேர்வது ஒன்று. ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிக் காத்திருப்பது இன்னொன்று. இரண்டாவதில் சேவை மையத்தில் குறித்த நாளுக்குள் பணத்தைக் கட்ட வேண்டும், பட்டியலில் மேலே எழுதியதில் ஏதாவது காலியானால் அங்கே மாற்றிவிடுவார்கள், பழைய இடம் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. ஆகவே கையில் வந்த இடத்தைவிட உண்மையிலேயே வேண்டும் என்பது மட்டுமே மேலே இருக்க வேண்டும். பணம் கட்டும் கெடு தவறினாலும் இடம் போய்விடும். அந்த வாரத்துக்கான பணத்தைச் சீட்டு எடுத்தோ நகை வைத்தோ ஜூலைக்கு முன்பே தயாராக வைத்திருங்கள்.

விருப்பப் பதிவைப் பிரவுசிங் சென்டரில் பாஸ்வேர்டைக் கொடுத்துச் செய்யாதீர்கள். ஓ.டி.பி. வரும் போன் மகள் கையிலேயே இருக்கட்டும். மாவட்டத்தில் உள்ள சேவை மையங்களில் இலவசமாக உதவுகிறார்கள். மாணவிக்குத் தெரியாமல் தங்களுக்கு வேண்டிய கல்லூரியை மேலே ஏற்றிவிடும் ஆட்கள் இந்தப் பருவத்தில் நடமாடுகிறார்கள்.

பொறியியலுக்கு வெளியேயும் ஒரு கால் ஊன்றி வையுங்கள். மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரி, லேடி டோக், பாத்திமா, உங்கள் ஊரிலேயே பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி. உதவிபெறும் கல்லூரிகளில் எய்டட் பிரிவா, செல்ஃப் ஃபைனான்ஸா என்று விண்ணப்பத்திலேயே கேளுங்கள், ஒரே பாடத்துக்குக் கட்டணம் பல மடங்கு மாறும். அரசுக் கலைக் கல்லூரிச் சேர்க்கை பொறியியல் கவுன்சிலிங்குக்கு முன்பே, ஜூனில் நடந்துவிடுகிறது. சேர்ந்து வைத்துவிட்டு ஜூலையில் மாறலாம். டி.சி.யைக் கொடுக்கும் முன் எல்லா அசல்களையும் ஸ்கேன் செய்து நான்கு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், விலகும்போது அந்தக் கல்லூரியிலிருந்து டி.சி. வாங்க ஓரிரு நாள் ஆகும். மகளிடம் இதையும் சொல்லுங்கள்: கணிதமோ கணினியோ பி.எஸ்சி. முடித்து டான்செட் நுழைவுத் தேர்வு எழுதினால் கிண்டியில் எம்.சி.ஏ. படிக்கலாம். பி.இ. எங்கே முடித்தாலும் கேட் (GATE) தேர்வு எழுதி அங்கே எம்.இ. போகலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது சான்றிதழ்கள். முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று மூன்றும் இ-சேவையில் விண்ணப்பித்தாலும் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாலுகா அலுவலகம் என்று கடந்து வர வேண்டும். கூட்டம் சேர்ந்த பிறகு போனால் நாள் ஓடிவிடும். முதல் பட்டதாரிச் சான்றுக்குக் குடும்ப உறுப்பினர் எல்லோருடைய படிப்பு விவரமும் உறுதிமொழியும் கேட்பார்கள், மூத்தவனின் பத்தாம் வகுப்புச் சான்றை எடுத்து வையுங்கள். அவள் எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டிலேயே படித்திருப்பதால் இருப்பிடச் சான்று தேவையில்லை, அதற்காக அலைய வேண்டாம்.

தரவரிசை எண் வந்ததும் மகளே உட்கார்ந்து எழுதிய பட்டியலை அனுப்பச் சொல்லுங்கள். சேர்ந்து பார்க்கிறேன்.