பிளேட்லெட் 48,000: பயப்படும் முன் இன்னொரு முறை எண்ணுங்கள்

ரத்தப் புற்றுநோயோ என்ற பயம்தான் பெரம்பூர் வாசகியின் கடிதம் முழுக்க இருக்கிறது. அம்மா, உங்கள் ரிப்போர்ட் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹீமோகுளோபின் 12.8, வெள்ளையணுக்கள் 7,400, இரண்டும் சரி. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் மட்டும் குறைவு: முதலில் 62,000, மறுபடி 48,000. காய்ச்சல் இல்லை, எங்கும் ரத்தக்கசிவும் இல்லை. இப்படி வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எண்ணிக்கையைத்தான்.

ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க இ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் இருக்கும். சிலருடைய பிளேட்லெட்டுகள் அதில் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். கருவி அளவை வைத்து எண்ணுவதால் கொத்துகளைப் பிளேட்லெட் கணக்கில் சேர்க்காது. சில சமயம் வெள்ளையணு என்றே எண்ணிவிடும். இது குழாய்க்குள் நடப்பது, உங்கள் உடம்புக்குள் அல்ல. நேரம் ஆக ஆகக் கொத்து கூடும். இரண்டாவது முறை காலையில் வீட்டுக்கு வந்து எடுத்த ரத்தத்தை மதியத்துக்கு மேல்தான் கருவியில் ஓட்டியிருக்கிறார்கள். எண் இறங்கியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். நரம்பு கிடைக்காமல் தடுமாறி எடுத்தார்கள் என்கிறீர்களே, ரத்தம் மெதுவாக இறங்கி, குழாயை உடனே கலக்காமல் விட்டாலும் சிறு கட்டிகள் சேர்ந்து எண்ணிக்கை விழும்.

லேபுக்கு நேரில் போங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு ரசாயனமான சிட்ரேட் உள்ள வெளிர்நீல மூடிக் குழாயிலும் எடுத்து உடனே ஓட்டச் சொல்லுங்கள். அந்தத் திரவம் ரத்தத்தை நீர்க்க வைப்பதால் வரும் எண்ணை 1.1 ஆல் பெருக்க வேண்டும். அதைவிட முக்கியம் ஸ்மியர்: ஒரு துளியைக் கண்ணாடியில் தேய்த்து, நோயியல் மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. கொத்து தெரிந்து, சிட்ரேட் எண்ணும் சரியாக இருந்தால் உங்களுக்கு வியாதியே இல்லை. அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். நாளை ஓர் ஆபரேஷன் என்றால் வீணாகப் பிளேட்லெட் ஏற்றாமல் அது காப்பாற்றும். சிட்ரேட் குழாயிலும் எண் குறைவாகவே இருந்தால் அந்த வாரமே ரத்தநோய் மருத்துவரைப் பாருங்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் முடி கொட்டுவதையும், ஈ.எஸ்.ஆர். (சிவப்பணுக்கள் படியும் வேகம்) 22 என்பதையும் இதோடு முடிச்சுப் போடாதீர்கள். பப்பாளி இலைச் சாறு வேண்டாம். காய்ச்சலே இல்லாதவருக்கு டெங்கு வைத்தியம் எதற்கு? பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையில் ஒன்றுகூடப் போடாதீர்கள். நிஜமாகவே ரத்த வியாதி இருந்தால், அதைக் கண்டுபிடிக்க முடியாதபடி மறைத்துவிடும். இணையத்தில் படித்ததற்கு மருந்து சாப்பிடுவதை இத்தோடு நிறுத்துங்கள்.

நீங்கள் தினமும் பார்க்க வேண்டியது உங்கள் கால்களை. முழங்காலுக்குக் கீழே குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள், அழுத்தினாலும் மறையாதவை, தென்பட்டால் அன்றைக்கே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஈறிலோ மூக்கிலோ ரத்தம் நிற்காவிட்டாலும், மலம் கறுத்துப் போனாலும் அப்படித்தான். இரவானாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். புருஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடாதீர்கள்.