கல் உப்பு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடும் வேலை. அம்மா மஞ்சக்குப்பத்தில் வேப்பமரத்தடியில் அயர்ன் வண்டி வைத்திருக்கிறார். இன்னும் கரிப்பெட்டிதான். ராத்திரி சாப்பிட்ட பிறகு நானும் அம்மாவும் ஃபோனில் 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' கொரியத் தொடரைத் தமிழில் பார்த்தோம். சலவைக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண்ணுக்கும் பெரிய கோடீஸ்வரன் வீட்டுப் பையனுக்கும் காதல். அந்தப் பெண் பணக்காரப் பள்ளிக்கூடத்தில் படும் பாட்டையும் அவள் அப்பா அம்மா அடிக்கும் கூத்தையும் பார்த்து இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒரு நாள் ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை நாளும் எங்களைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தோமோ என்று தோன்றிவிட்டது. இந்த மாதிரிக் கதைகளை ரசிப்பது தப்பா அக்கா? அம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் அம்மா சிரிக்கவில்லை. பையனுடைய அம்மா பணத்தோடு வரும்போது பெண்ணின் அம்மா உப்பைக் கொட்டுகிறாளே, அங்கே. "கல் உப்பா போட்டிருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

பெயர் போட வேண்டாம்.

ம.

அன்புள்ள ம.,

தப்பில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்னொரு ராத்திரி நீங்கள் விழித்திருக்க வேண்டாம்.

பார்க்காதவர்களுக்காகக் கதை கொஞ்சம். 2009-இல் கொரியாவில் வந்த தொடர், மொத்தமே 25 பகுதிகள். சலவைக்கடைக்காரரின் மகள் ஜான்டி, வெளுத்த துணியைக் கொடுத்துவிட்டு வரப் பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குப் போகிறாள். போன இடத்தில், மாடியிலிருந்து குதிக்கப் போன ஒரு மாணவனைக் காப்பாற்றிவிடுகிறாள். பள்ளியின் பெயர் ஊரெல்லாம் கெடுகிறது. ஊர் வாயை அடைக்க, பள்ளியை நடத்தும் குழுமம் அவளுக்கே அங்கே இலவசமாக இடம் கொடுக்கிறது. அந்தக் குழுமத்தின் வாரிசு ஜுன்ப்யோவோடு முதலில் சண்டை, அப்புறம் காதல். மூலம், யோகோ காமியோ என்ற ஜப்பானியப் பெண் 1992-இல் தொடங்கிய சித்திரக்கதை. அது 2001-இல் தைவானில் தொடராகி, 2005-இல் ஜப்பானிலேயே தொடராகி, பிறகுதான் கொரியாவுக்குப் போனது.

ஜப்பானியக் கதையில் பெண்ணின் அப்பா ஒரு கம்பெனியில் சாதாரணச் சம்பளக்காரர். அவருக்குச் சலவைக்கடை வைத்துக்கொடுத்தவர்கள் கொரியாக்காரர்கள்தான். அந்தத் தொடரில் செய்த மாற்றங்களில் இதுவே எனக்கு மிகவும் பிடித்தது. அந்த வீட்டுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. கதையே ஒரு மூட்டைத் துணியில்தான் தொடங்குகிறது. அவள் வேடிக்கை பார்க்க அந்தப் பள்ளிக்குள் நுழையவில்லை, வேலையாக நுழைகிறாள். நம் தொடர்கள் பலவற்றில் ஏழை வீடு என்றால் காரை பெயர்ந்த சுவர் இருக்கும், இருமும் அப்பா இருப்பார், அந்த வீட்டார் காலையில் எழுந்து என்ன வேலைக்குப் போகிறார்கள் என்பது மட்டும் தெரியாது. 'சிறகடிக்க ஆசை'யில் மீனா பூக் கட்டுகிறாள், முத்து கார் ஓட்டுகிறார். அந்த ஜோடியை இத்தனை வீடுகள் தங்கள் பிள்ளைகள் போல எடுத்துக்கொண்டதற்கு அந்தப் பூவும் காரும் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

நீளத்தையும் பார்க்க வேண்டும். 'கோலங்கள்' 2003-இல் தொடங்கி 2009 வரை ஓடியது, 1,500 பகுதிகளுக்கு மேல். இரண்டு வீடுகள் மோதிக்கொள்ளும் சிரிப்பை அவ்வளவு நாள் இழுக்க முடியாது. அழுகையை இழுக்கலாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாம் யாரைப் பார்த்துச் சிரித்தோம்?

ஜுன்ப்யோ ஜான்டியின் சின்ன வீட்டில் வந்து தங்கும் பகுதியை நினைத்துப்பாருங்கள். அவளுடைய அப்பாவோடும் தம்பியோடும் அவன் பொதுக் குளியலறைக்குப் போகிறான். எல்லாரும் சாதாரணமாகப் போய்க் குளித்துவிட்டு வரும் இடத்தில் அவன் திருதிருவென்று முழிக்கிறான். நெருங்கி உட்கார்ந்து சாப்பிடும் வீடு அவனுக்குப் புதிது. அங்கே ஒன்றும் தெரியாதவன் அவன்தான். வாழத் தெரிந்தவர்கள் சலவைக்கடைக்காரர்கள். அங்கே நீங்கள் சிரித்த சிரிப்பைப் பற்றி ஒரு குறையும் நினைக்க வேண்டாம்.

ஆனால் அந்தப் பெண்ணின் அப்பா அம்மா, பணக்காரச் சம்பந்தம் என்றதும் வாயெல்லாம் பல்லாகக் குதிக்கும் காட்சிகள் இருக்கின்றனவே, அவை எனக்குப் பிடிக்கவில்லை. இல்லாதவர்கள் என்றால் காசுக்குப் பறப்பார்கள் என்ற எண்ணம் எழுதியவர்களிடம் இருக்கிறது. மகளின் படிப்பு நல்லபடியாக நடக்க வேண்டும் என்று ஆசைப்படும் அப்பாவை அப்படிக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. உங்களுக்கு ராத்திரி உறுத்தியது இந்தக் காட்சிகளாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் அதை எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் வளர்ந்தவள். பிரெஞ்சுக்காரர்கள் இருந்தபோது ஊரை ஒரு வாய்க்கால் இரண்டாகப் பிரித்தது. கடல் பக்கம் வெள்ளை நகரம், இந்தப் பக்கம் கறுப்பு நகரம். பெயரையே அப்படி வைத்திருந்தார்கள். எங்கள் வீடு வாய்க்காலுக்கு மேற்கே. அம்மா ஜாக்கெட் தைப்பார். தைத்து முடித்ததைக் கிழக்கே ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, கூலி வாங்கி வருவது என் வேலை. பின்வாசலில்தான் நிற்பேன். நல்ல மனுஷி, காபி கொடுக்காமல் அனுப்ப மாட்டார். அந்தக் காபிக்கென்று ஒரு டம்ளர் தனியாக இருந்தது. குடித்ததும் குழாயடியில் நானே கழுவி, சுவர் ஓரமாகக் கவிழ்த்துவைக்க வேண்டும்.

நாங்கள் ஏழைகள், அதனால்தான் அந்த டம்ளர் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அந்த வீட்டுக்கு ஒரு சொந்தக்காரப் பெண் வந்திருந்தார். கிழிசல் தைத்த புடவை, காதில் ஒன்றுமில்லை. எங்களைவிட இல்லாதப்பட்டவர் என்று பார்த்தாலே தெரிந்தது. அவர் உள்ளே கூடத்தில் உட்கார்ந்து, வீட்டார் குடிக்கும் டம்ளரில் காபி குடித்துக்கொண்டிருந்தார். அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவிடம் போய்ச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததா?

கொரியாவில் சலவைக்கடை ஒரு கடை. நாளைக்கே அதை விற்றுவிட்டு ஹோட்டல் வைக்கலாம். நம் ஊரில் துணி வெளுப்பதையும் தேய்ப்பதையும் ஒரு சாதியின் தலையில் கட்டி, பிறந்த பிள்ளைக்கும் அதையே சொல்லிவைத்தார்கள். அதனால் அதே காட்சி கடலூரில் ஒரு வீட்டுக்குள் ஓடும்போது வேறாகிவிடுகிறது. நம் தொடர்கள் 'பணக்காரன்', 'ஏழை' என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு இதைச் சுற்றிப் போய்விடுகின்றன. பங்களாவிலிருந்து குடிசைக்குக் காதல் வரும், இரண்டு வீடும் பெரும்பாலும் ஒரே சாதியாக இருக்கும், அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கடைசியில் கல்யாணம் நடந்துவிடும். உண்மையில் வாசலில் நின்றுபோகும் கல்யாணங்கள் எதனால் நிற்கின்றன என்று பார்க்கிற நமக்கும் தெரியும், எழுதுகிறவர்களுக்கும் தெரியும். இதைச் சொல்லும் துணிச்சலோடு, அந்த வாசலிலேயே சிரிக்கவும் வைக்கும் ஒரு தொடர் தமிழில் வர வேண்டும். எனக்கு அந்த ஆசை உண்டு. கடலூரிலேயே எடுக்கலாம். புதுநகர், முதுநகர், நடுவில் கெடிலம் ஆறு என்று ஊரே அதற்குத் தயாராக இருக்கிறது.

அந்தப் பெண்ணின் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொரிய மொழியில் ஜான்டி என்றால் புல். ஜப்பானியக் கதையில் சுகுஷி, அதுவும் தானாக முளைக்கும் ஒரு செடிதான். மிதித்தாலும் எழும் என்பதற்காக வைத்த பெயர்கள். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆல் போல் தழைத்து அறுகு போல் வேரோடச் சொல்லித்தான் நாம் மணமக்களை வாழ்த்துகிறோம்.

அப்புறம் உப்பு. பிடிக்காதவர்கள் வந்து போனால் வாசலில் உப்பை வீசுவது கொரியாவில் பழைய வழக்கம், பீடை ஒழியட்டும் என்று. மகளை விலை பேச வந்தவள் போகும்வரைகூட ஜான்டியின் அம்மா காத்திருக்கவில்லை. அவள் மேலேயே கொட்டிவிட்டாள். அதுவரை காசு காசு என்று கூத்தடித்த அதே பெண்மணி. பின்னால் கடன் வந்து அந்தக் குடும்பத்தை வளைத்து, கடலோர ஊருக்கே அனுப்பிவிடுகிறது. ஆனாலும் அந்த ஒரு நிமிஷம் நடந்தது நடந்ததுதான்.

கொரிய வழக்கம் எதுவும் உங்கள் அம்மாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நம் வீடுகளில் கண்ணேறு பட்டால் கல் உப்பையும் மிளகாயையும் சுற்றி அடுப்பில் போடுவோம். தூள் உப்பு அதற்கு ஆகாது. அடுப்பில் வெடிக்க வேண்டும். அதனால்தான் அவர் கல் உப்பு கேட்டிருக்கிறார். அந்தத் தொடரைப் பற்றி நான் படித்த எதுவும் இவ்வளவு சரியாக இல்லை.

அம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை என்கிறீர்கள். ரசிப்பது தப்பா என்ற கேள்வி அவருக்கு வேண்டாம். வண்டியில் கரி கனியும்வரை கொஞ்ச நேரம் இருக்குமே, அப்போது பக்கத்தில் போய் நின்று, அன்றைக்கு எந்த வீட்டு வாசலை நினைத்துக்கொண்டு கல் உப்பு என்று சொன்னார் என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுத வேண்டும் என்றில்லை.

அன்புடன்,
அக்கா