இன்றைய இளைஞர்களுக்கு வேலையில் பற்று குறைந்துவிட்டதா?

முந்தைய தலைமுறையினர் ஒரே இடத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தார்கள், இன்றைய பிள்ளைகள் ஓராண்டிலேயே விலகிவிடுகிறார்கள், வேலைப்பற்று போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். போகவில்லை என்பதே என் எண்ணம். மதுரையில் மூன்று தலைமுறையாக மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்தில் நான் கண்டதை வைத்துச் சொல்கிறேன்.

என் அப்பா மில் தொழிலாளி. 1890-களில் ரயில் நிலையத்துக்கு அருகில் எழுந்த ஹார்வி மில்லிலிருந்து மதுரையின் ஆலை வாழ்க்கை தொடங்கியது. அதன் தொழிலாளர்களுக்காக உருவான ஹார்விபட்டி, திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் இன்றும் அதே பெயரோடு இருக்கிறது. அப்பா வேலை பார்த்தது வேறொரு நூற்பாலையில். சங்கு ஊதுவதற்கு அரை மணி நேரம் முன்பே சைக்கிளை எடுத்துவிடுவார். இரவு ஷிப்டு முடிந்து திரும்பும்போது புருவத்திலும் காது மடலிலும் பஞ்சுத்தூசி அப்பியிருக்கும். அம்மா ஈரத்துண்டால் துடைத்துவிட்ட பிறகுதான் காப்பி டம்ளரைக் கையில் வாங்குவார். அவர் காரணமில்லாமல் லீவு போட்ட நாள் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

அதை அவருடைய பிறவிக்குணம் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். ஓய்வுபெற்ற பிறகுதான் அவர் தம் முதல் ஆறு ஆண்டுகளைப் பற்றிப் பேசினார். அப்போது அவர் பதிலி. நிரந்தரத் தொழிலாளி யாராவது வராத நாளில் அந்த இடத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுபவருக்கு அந்தப் பெயர். காலையில் மில் வாசலில் நிற்க வேண்டும். மேஸ்திரி பெயரைக் கூப்பிட்டால் அன்றைக்குக் கூலி உண்டு, கூப்பிடாவிட்டால் கொண்டுவந்த தூக்குவாளியோடு வீடு திரும்ப வேண்டியதுதான். ஆறு வருடம் அப்படி நின்றவர், பெர்மனென்ட் ஆன பிறகு தம் இடத்துக்கு இன்னொரு பதிலி வர ஒருநாளும் விடவில்லை. நின்றதற்குப் பலனும் இருந்தது. பி.எஃப். இருந்தது, போனஸ் இருந்தது. பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன கிராஜுவிட்டி இருந்தது. என் தங்கையின் கல்யாணம் அந்தப் பணத்தில்தான் நடந்தது.

எனக்கு அரசுப் பள்ளி ஆசிரியர் வேலை, 1998-இல் மேலூர்ப் பக்கம் கிடைத்தது. தமிழ்நாட்டில் 1.4.2003 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத்தை நிறுத்திவிட்டு, சம்பளத்தில் 10 விழுக்காடு பிடித்து அரசும் அதே அளவு செலுத்தும் பங்களிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் எனக்கு எதிர் நாற்காலியில் அமர்ந்திருந்த நண்பர் 2004-இல் வந்தவர், என்னைவிட நன்றாகக் கணக்குப் பாடம் நடத்துபவர். மனை விலை, சேமிப்பு, இன்ஷூரன்ஸ் என்று அவர் ஓயாமல் விசாரிப்பதைப் பார்த்து, மூத்தவர்கள் சிலர் அவருக்குப் பாடத்தில் மனமில்லை என்றார்கள். அது அநியாயமான பேச்சு. முதுமையைப் பற்றி நான் கவலையில்லாமல் இருக்க முடிந்ததற்கு என் பணிப்பற்று காரணமல்ல, நான் சேர்ந்த தேதிதான் காரணம்.

இவ்வளவு தெரிந்த நானே என் மகள் விஷயத்தில் தவறினேன். பொறியியல் முடித்து நகரில் ஒரு கணினி நிறுவனத்துக்கு வேலைக்குப் போனாள். ஆனால் அவளுக்குச் சம்பளம் கொடுத்தவர் இடையிலிருந்த ஒப்பந்தக்காரர். ஒப்பந்தம் பதினொரு மாதம், பிறகு ஒரு சிறிய இடைவெளி, மறுபடியும் பதினொரு மாதம். இரண்டாவது ஒப்பந்தம் முடிவதற்குள் விலகப்போவதாகச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. பேத்திக்குப் புத்தி சொல்லுங்கள் என்று அப்பாவிடம் முறையிட்டேன். அவர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, “எத்தனை வருசம் நின்னா பெர்மனென்ட் பண்ணுவாங்க ஆத்தா?” என்று கேட்டார். “அப்படி ஒண்ணு அங்க கிடையாது தாத்தா” என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு என் பக்கம் திரும்பி, “அப்ப அவ எதுக்குடா வாசல்ல நிக்கணும்?” என்றார்.

பற்றைப் பற்றித்தானே கேட்டீர்கள். விலகுவதற்கு முந்தைய இரண்டு இரவுகளும் அவள் விழித்திருந்து, தான் பார்த்த வேலையின் ஒவ்வொரு படியையும் எழுதி வைத்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. அடுத்து வருகிறவர் தடுமாறக் கூடாது என்றாள்.