பாட்டி சொன்னத மட்டும் நம்பி அந்த பாக்ஸ டிக் பண்ணாதீங்க

சிஸ்டர், உங்க வீட்டுக்காரரோட கொள்ளுப்பாட்டி செரோக்கிங்கிற அமெரிக்கப் பழங்குடின்னு அவங்க குடும்பத்துல சொல்லுவாங்க, பொண்ணு காலேஜ் அப்ளிகேஷன்ல நேட்டிவ் அமெரிக்கன்னு போடலாமான்னு கேட்டிருக்கீங்க, என்னைக் கேட்டா வேணாம்ங்க. செரோக்கி நேஷன்ங்கிற அந்தப் பழங்குடியோட அமைப்புல உறுப்பினரா சேரணும்னா டாஸ் ரோல்ங்கிற நூறு வருஷத்துக்கு மேல பழைய லிஸ்ட்ல முன்னோர் பேரு இருக்கணும், வம்சாவளிய பர்த் சர்டிபிகேட் வச்சு காட்டணும், எத்தனை சதவீதம் ரத்தம்னெல்லாம் அவங்க பாக்குறதில்ல. முதல்ல அதுல தேடிப் பாருங்க. இல்லன்னா விட்டுடுங்க, நெலத்தையே பறிகொடுத்த சனங்களோட பேர ஒரு சீட்டுக்காக நாம எடுத்துக்கிறது எனக்கு மனசு ஒப்பவே இல்ல. அதுவுமில்லாம 2023 ஜூன்ல ஹார்வர்ட் யுனிவர்சிட்டி கேஸ்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தப்புறம் காலேஜ் அட்மிஷன்ல இனத்துக்காகன்னு தனி முன்னுரிமை குடுக்க முடியாது. ஆனா தன் வாழ்க்கைய தன்னோட இனம் எப்படி பாதிச்சுதுன்னு கட்டுரைல எழுதலாம், ரெண்டு வீட்டுப் பழக்கத்துக்கு நடுவுல வளர்ந்த பொண்ணுக்கு சொல்ல அவளோட சொந்தக் கதையே இருக்குமே, அத எழுதச் சொல்லுங்க.