ராஜநாகத்தை எங்க கொண்டுபோய் விடுறது?

கேள்வி: சார், நாங்க வால்பாறைப் பக்கம் எஸ்டேட் லைன்ல குடியிருக்கோம். மார்ச் மாசம் லைனுக்குப் பின்னாடி பத்தடிக்கு மேல ஒரு ராஜநாகம் வந்துச்சு. பிடிச்சு ரொம்ப தூரத்துல பெரிய காட்டுல விட்டுட்டாங்க. அதுக்கும் எங்களுக்கும் நல்லதுதானே? – ஒரு வாசகி

பதில்: உங்களுக்கு நிம்மதிதாம்மா, பாம்புக்குத்தான் பாவம். மார்ச்சுன்னா அது ஜோடி தேடுற சீசன், இல்லேன்னா லைன்ல எலி இருந்திருக்கும், எலிக்கு சாரை வந்திருக்கும், சாரையைத் தின்ன இது வந்திருக்கும், ஏன்னா இதோட சாப்பாடே பெரும்பாலும் மத்த பாம்புங்கதான். தூர நின்னு வழி விட்டா அதுவே போயிடும். கர்நாடகாவுல ஆகும்பேல 2008லேர்ந்து ராஜநாகத்துக்குள்ள ரேடியோ டிரான்ஸ்மிட்டர் வச்சு பின்னாடியே போய்ப் பார்த்தாங்க, அதுல இடம் மாத்தி விட்ட பாம்பு ஒரு இடத்துல தங்காம எங்கெங்கயோ அலைஞ்சுச்சு. பழகின பொந்து, தண்ணி, இரை எதுவுமே தெரியாத ஊர்ல அது என்ன பண்ணும் சொல்லுங்க? பிடிச்சே ஆகணும்னாலும் பக்கத்துக் காட்டுலயே விடச் சொல்லுங்க.

இன்னொண்ணு, 2024ல ராஜநாகம் ஒரே இனம் இல்ல, நாலு இனம்னு பிரிச்சாங்க, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைல இருக்கறது 'காளிங்கா', உலகத்துல வேற எங்கயும் கிடையாது! அதனால இங்க ஒண்ணு செத்தாலும் எனக்கு மனசு கேக்காது.

இனிமே மூங்கில் புதர் பக்கம் முழங்கால் உயரத்துக்கு இலைக்குவியல் பார்த்தா தயவுசெஞ்சு கிளறாதீங்க, நெருப்பும் வைக்காதீங்க. கூடு கட்டி முட்டையிடுற பாம்பு இது ஒண்ணுதான், தாய் தன் உடம்பை வளைச்சு வளைச்சே சருகை இழுத்துக் குவிக்கும், மேல எவ்ளோ மழை பெஞ்சாலும் உள்ள முட்டை நனையாது, அப்புறம் வாரக்கணக்கா காவல் இருக்கும். அங்கயேதான் பொரியணும், ஃபாரஸ்ட் ஆபீஸுக்கு மட்டும் தகவல் சொல்லுங்க.

கேள்வி: இது கடிச்சா மருந்து இருக்கா?

பதில்: நம்ம ஊர் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலுக்குத்தான். ராஜநாகத்துக்குன்னு தனி மருந்து தாய்லாந்துல தயாரிக்கறாங்க. இது மனுஷனைக் கடிக்கறது ரொம்ப அபூர்வம், ஆனா கடிச்சா மூச்சு நின்னுடும், அதனால கட்டுப் போடறது, கீறி விடறதுன்னு நேரத்தைக் கழிக்காம வென்டிலேட்டர் இருக்கற ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடணும்.