இரண்டு ஆன்டிவைரஸும் வேண்டாம்

விண்டோஸ் 10 கணினியில் இரண்டு இலவச ஆன்டிவைரஸ் போட்டதிலிருந்து நகரவே மாட்டேன் என்கிறது, எஸ்.பி. ரோடு கடைக்காரர் காசு கட்டி வேறொன்று வாங்கச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். திறக்கிற ஒவ்வொரு ஃபைலையும் இரண்டும் போட்டி போட்டுச் சோதிப்பதால்தான் இந்தத் திணறல். இரண்டையும் நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் தானாகவே வேலையைத் தொடங்கிவிடும். வீட்டுக்கு அது தாராளம். அப்புறம் 'விண்டோஸ் செக்யூரிட்டி'க்குள் போய் ஆஃப்லைன் ஸ்கேன் (விண்டோஸ் தொடங்கும் முன்பே வைரஸைத் தேடும் சோதனை) ஒருமுறை ஓட விடுங்கள். கணினி தானே அணைந்து எழும், பயப்பட வேண்டாம், சுமார் கால் மணி நேரம்தான்.

எனக்குக் கவலை வேறு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யும் அப்டேட்கள் இனி வழக்கம்போல் வராது; அந்த ஓட்டையை எந்த ஆன்டிவைரஸும் அடைக்காது. மெஷின் தாங்கினால் 11-க்கு மாறுங்கள். குடும்பப் படங்களை இன்றைக்கே வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.